எமன் வந்த தோணி

கண்ணுக்குத் தெரியாதவை – 17

சென்ற இதழில் பசு அம்மையை எடுத்துப் பெரியம்மையைத் தடுத்த ஜென்னரைப் பார்த்தோம். அது வைரஸை அப்படியே பயன்படுத்திய காலம். வைரஸைப் பிரித்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, நமக்கு வேண்டியதை ஏற்றி அனுப்பும் காலம் அதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இந்த இதழில் அந்தக் கதை.

2021ஆம் ஆண்டு கொரோனா தடுப்பூசி வந்தபோது, நாட்டின் மற்ற இடங்களைப் போலவே வேம்பார் முதல் பெரியதாழை வரையிலான தூத்துக்குடிக் கடற்கரையிலும் கோவிஷீல்டு போடப்பட்டது. ஒருவருக்கு அரை மில்லி. அந்த அரை மில்லிக்குள் சுமார் 5,000 கோடி வைரஸ் துகள்கள். அவை கொரோனா வைரஸ் அல்ல. சிம்பன்சிக் குரங்குகளிடம் காணப்படும் ஓர் அடினோவைரஸ். அது பெருகுவதற்கு வேண்டிய மரபணுவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொரோனா வைரஸின் முள்முனைப் புரதத்துக்கான மரபணுவை ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் உள்ளே வைத்தார்கள். புனேயின் சீரம் நிறுவனம் அதைத் தயாரித்துக் குப்பியில் அடைத்தது. வைரஸ் கையில் இறங்கியது, செல்லுக்குள் நுழைந்தது, சரக்கை இறக்கியது, அத்தோடு சரி. அது குட்டி போடவில்லை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கத் தோணியே போதும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தோணியில் இன்று வெங்காயம் இருக்கும், நாளை ஓடு இருக்கும்; தோணிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, கரை சேர்ப்பதுதான் அதன் வேலை. வைரஸும் அப்படித்தான். செல்லின் கதவைத் திறந்து உள்ளே போகும் வித்தை அதன் மேல்கூட்டில் இருக்கிறது. நோய் தரும் வினை உள்ளே இருக்கும் மரபணுக்களில் இருக்கிறது. கூட்டை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றிவிட்டால் அதற்குப் பெயர் வெக்டர். மனித மரபணுவைச் சரக்காக ஏற்றும் வெக்டர்கள் இல்லாத உயிரியல் ஆய்வுக்கூடத்தை இன்று காண்பது அரிது.

பால் பெர்க் நிறுத்திய சோதனை

1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பால் பெர்க் ஒரு திட்டம் போட்டார். எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸின் டி.என்.ஏ.வோடு வேறொரு டி.என்.ஏ.வை ஒட்டி, அதை ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்துவது. செய்தி பரவியதும் இன்னொரு விஞ்ஞானியான ராபர்ட் போலாக் ஆட்சேபம் சொன்னார். எஸ்.வி.40 வெள்ளெலிகளுக்குக் கட்டி வரவழைக்கும் வைரஸ், ஈ.கோலி நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? பெர்க்கிடம் பதில் இல்லை. 1972இல் இரண்டு டி.என்.ஏ.க்களை ஒட்டிக் காட்டியதோடு நின்றார், பாக்டீரியாவுக்குள் செலுத்தவில்லை. 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் சுமார் 140 பேரைக் கூட்டி, எதை எவ்வளவு பாதுகாப்போடு செய்யலாம் என்று விதி வகுக்க வைத்தவர்களில் அவரும் ஒருவர். 1980இல் நோபல் பரிசு கிடைத்தது.

1979இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் மல்லிகன் அதே எஸ்.வி.40 வைரஸில் முயலின் ஹீமோகுளோபின் மரபணு ஒன்றை ஏற்றிக் குரங்கின் சிறுநீரகச் செல்லுக்குள் அனுப்பினார். சிறுநீரகச் செல்லுக்கு ரத்தப் புரதம் செய்யத் தேவையே இல்லை. ஆனாலும் அது செய்தது, அதுவும் முயலின் புரதத்தை. வைரஸ் கொண்டுவந்த மரபணுவை எந்தச் செல்லும் தன்னுடையதாக நினைத்து வேலை செய்யும் என்பது அன்று உறுதியானது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு மரபணு உடலில் என்ன செய்கிறது என்று அறிய இரண்டு வழிகள். ஒன்று, அதை எடுத்துவிட்டு எது கெடுகிறது என்று பார்ப்பது. இன்னொன்று, அதை அளவுக்கு மீறிக் கொடுத்து எது மாறுகிறது என்று பார்ப்பது. இரண்டாவது வழிக்கு வெக்டர் வேண்டும். நம் மரபணுக்களுக்கு இயல்பாக இருக்கும் ஊக்கி, அதாவது அவற்றை முடுக்கிவிடும் பகுதி, பெரும்பாலும் மிதமாகத்தான் வேலை வாங்கும். ஆகவே வெக்டரில் ஏற்றும்போது அதைக் கழற்றிவிட்டு, சைட்டோமெகலோ வைரஸிலிருந்து எடுத்த ஊக்கியை மாட்டுவது வழக்கம். அது ஓய்வில்லாமல் வேலை வாங்கும். புரதம் பல மடங்கு கொட்டும். ஒரு செல் புற்றாக மாற எந்த மரபணு தூண்டுகிறது, எந்த மருந்து எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்பதையெல்லாம் இப்படிக் கொட்டவைத்துத்தான் பார்க்கிறார்கள்.

காலித் தோணி கட்டும் கலை

வைரஸின் சரக்கைக் கொட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டைச் செய்யும் கட்டளையும் அந்தச் சரக்கில்தான் இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டால் கூடு யார் செய்வது?

1983இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் மான், மல்லிகன், டேவிட் பால்டிமோர் மூவரும் இதற்கு வழி கண்டார்கள். ரெட்ரோவைரஸின் மரபணுத் தொகுதியில் 'என்னை ஏற்று' என்று சொல்லும் ஒரு சிறிய அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்தை மட்டும் வெட்டிவிட்டு, மீதி வைரஸ் மரபணுக்களை ஒரு செல்லுக்குள் வைத்தார்கள். அந்தச் செல் கூடுகளைச் செய்துகொண்டே இருந்தது. ஆனால் வைரஸின் மரபணுக்கள் எதுவும் கூட்டுக்குள் ஏறவில்லை. பிறகு நமக்கு வேண்டிய மரபணுவோடு அந்த அடையாளத்தைச் சேர்த்து உள்ளே விட்டார்கள். அது மட்டும் ஏறியது. வெளியே வந்தது, ஒரு செல்லுக்குள் ஒரே ஒரு முறை நுழையத் தெரிந்த, வாரிசு இல்லாத வைரஸ். இன்றுவரை ரெட்ரோவைரஸ் வெக்டர்கள் எல்லாம் இந்தத் தந்திரத்தின் வழித்தோன்றல்களே.

அடுத்த சிக்கல், கொள்ளளவு. ஏ.ஏ.வி. என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறு வைரஸின் மரபணுத் தொகுதியை 1983இல் அமெரிக்காவில் முழுதாக எழுத்தெண்ணிப் படித்தவர்களில் முதல் பெயர் அருண் ஸ்ரீவஸ்தவா என்ற இந்தியருடையது. மொத்தம் 4,700 எழுத்துகளுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் அதில் ஏறாது. எச்.ஐ.வி. அடங்கிய லென்டிவைரஸ் வகை எட்டு, ஒன்பதாயிரம் எழுத்துகள் தாங்கும். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 9 புரதத்துக்கு சுமார் 1,400 எழுத்துகள்தான் வேண்டும். எதில் வேண்டுமானாலும் ஏறும். ஃபேக்டர் 8க்கு 7,000 வேண்டும். தசைச்சிதைவு நோயில் குறைபடும் டிஸ்ட்ரோஃபினுக்கு 11,000. எந்த நோய்க்கு மரபணு சிகிச்சை முதலில் வந்தது, எது இன்னும் காத்திருக்கிறது என்பதைத் தீர்மானித்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

1986, காட்பாடி

இனி கதை தமிழ்நாட்டுக்கு வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வுக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார்: இந்தியாவில் எய்ட்ஸ் வைரஸ் இருக்கிறதா? அமெரிக்காவில் நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத நேரம். 'அது நம் நாட்டுக்கு வராது' என்று பலரும் நம்பிய நேரம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் பேசி ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். எலிசா பரிசோதனை செய்ய சென்னையில் வசதி இல்லை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இருந்தது.

1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயிலேறி, மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காட்பாடியில் இறங்கினார். சி.எம்.சி.யின் வைரஸ் துறைத் தலைவர் டி. ஜேக்கப் ஜான். அவருடைய துறையில் பரிசோதனை நடந்தது. சில குழிகளில் திரவம் மஞ்சளானது. எண்ணிப் பார்த்தால் ஆறு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது முதன்முதலில் தெரிந்தது அந்த மேசையில்தான். அமெரிக்காவில் மறுபரிசோதனை செய்து உறுதியான பிறகு தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அதே ஆண்டுகளில் வேறொரு கூட்டத்துக்கு எச்.ஐ.வி. சத்தமில்லாமல் எமனாக வந்துகொண்டிருந்தது: ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ளவர்கள். அவர்களுக்கு ஃபேக்டர் 8 ஊசிதான் உயிர். ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுத்த மருந்து அது. கொடுத்தவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் மொத்த மருந்தும் கெட்டது. அமெரிக்காவில் ஹீமோஃபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது, ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். உயிர் காக்கப் போட்ட ஊசியிலேயே எமன் ஏறி வந்தான்.

எமனை நிராயுதபாணி ஆக்குதல்

பத்தாண்டுகள் கழிந்தன. 1996இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் லூயிஜி நால்டினி, டிடியே ட்ரோனோ, பஞ்சாபில் பிறந்த இந்தர் வர்மா ஆகியோர் அடங்கிய குழு யாரும் எதிர்பாராத தோணியைக் கட்டியது. எச்.ஐ.வி.யே தோணி.

காரணம் இருந்தது. அதுவரை கையாண்ட எலி ரெட்ரோவைரஸ்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் மட்டுமே மரபணுவைச் சேர்க்கும். நரம்புச் செல் பிரியாது; எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். எச்.ஐ.வி.க்கு அந்தக் கவலை இல்லை, உறங்கும் செல்லுக்குள்ளும் நுழையும். ஆகவே அதன் உள்ளுறுப்பை வைத்துக்கொண்டு மேலுறையை மாற்றினார்கள். கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலர் ஸ்டொமாட்டைட்டிஸ் வைரஸின் மேலுறைப் புரதத்தைப் போர்த்தினார்கள். அதனால் எந்த வகைச் செல்லிலும் நுழையும். எலியின் மூளையில் செலுத்தியபோது நரம்புச் செல்கள் புதிய மரபணுவை ஏற்று வேலை செய்தன. 1998இல் வந்த மூன்றாம் தலைமுறை வடிவத்தில் எச்.ஐ.வி.யின் ஒன்பது மரபணுக்களில் மூன்றுதான் மிச்சம். அந்த மூன்றும்கூட ஒரே இடத்தில் இல்லாமல் இரண்டு பிளாஸ்மிட்களில், அதாவது இரண்டு டி.என்.ஏ. வளையங்களில், பிரித்து வைக்கப்பட்டன. ஒன்றுசேர்ந்து மீண்டும் எச்.ஐ.வி. ஆவதற்கு வழி அடைக்கப்பட்டது.

இன்று ஓர் ஆய்வு மாணவி இதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். முதல் நாள் மாலை, பத்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தட்டில் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் ஹெக் 293 செல்களைப் பரப்புகிறார். மறுநாள் நான்கு பிளாஸ்மிட்களைப் பாலிஎத்திலினிமைன் என்ற வேதிப்பொருளோடு கலந்து, கால் மணி நேரம் வைத்திருந்து, தட்டில் சொட்டுச் சொட்டாக விடுகிறார். நான்கில் மூன்று தோணி கட்டுவதற்கு; நான்காவது சரக்கு. 48 மணி நேரத்தில் செல்கள் வெக்டரைச் செய்து வெளியே தள்ளிவிடும். மேலே நிற்கும் திரவத்தை ஊசிக்குழலில் உறிஞ்சி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார். பிறகு வேண்டிய செல்களின் மேல் அதை ஊற்றி இரண்டு, மூன்று நாள் காத்திருந்து, நீல ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்க்கிறார். மனித மரபணு உள்ளே போன செல்கள் பச்சையாக ஒளிரும். போகாதவை இருட்டாக இருக்கும். மீந்த திரவம் எல்லாம் பிளீச்சில் போய்விடும். இந்தியாவில் இந்த வேலைக்கு 1989ஆம் ஆண்டின் விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. பெரியதாழைப் பக்கம் வலையில் சொறி என்ற ஜெல்லி மீன் ஏறினால் அன்றைய பாடு பாழ், கையெல்லாம் எரியும். நம் கரைச் சொறியின் தூரத்து உறவான ஏக்வோரியா என்ற சொறி வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் மிதக்கிறது. ஒசாமு ஷிமோமுரா ஆயிரக்கணக்கில் அதைப் பிடித்து, விளிம்பை வெட்டிப் பிழிந்து, ஒளிரும் பச்சைப் புரதத்தை 1962இல் பிரித்தெடுத்தார். 1992இல் டக்ளஸ் பிராஷர் அதன் மரபணுவைப் பிரித்தார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதை வேறு உயிர்களில் ஒளிரவைத்தார். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, ரோஜர் சியென் மூவருக்கும் நோபல் பரிசு. வெக்டரில் மனித மரபணுவோடு இந்தச் சொறி மரபணுவையும் சேர்த்து ஏற்றிவிட்டால், சரக்கு இறங்கியதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஹெக் 293 செல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1973இல் நெதர்லாந்தின் லைடனில் ஃப்ராங்க் கிரகாம், ஒரு மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லுக்குள் அடினோவைரஸின் டி.என்.ஏ. துண்டைச் செலுத்தி இந்தச் செல் வரிசையை உருவாக்கினார். அது அவருடைய 293ஆவது சோதனை. கோவிஷீல்டும் இந்தச் செல்லில்தான் வளர்க்கப்பட்டது. கருவிலிருந்து வந்த செல் என்பதால் கத்தோலிக்கர்களிடையே உலகெங்கும் மனக்குழப்பம் எழுந்தது. வேறு வழி இல்லாதபோது இத்தகைய தடுப்பூசிகளை ஏற்பது அறநெறிக்கு உகந்ததே என்று வத்திக்கான் 2020 டிசம்பரில் குறிப்பு வெளியிட்டது.

மரபணுவை அளவுக்கு மீறிக் கொடுத்துப் பார்ப்பதன் உச்சம் 2006இல் வந்தது. கியோட்டோவில் ஷின்யா யமனாகா நான்கே நான்கு மரபணுக்களை ரெட்ரோவைரஸில் ஏற்றி எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தினார். அது கருநிலைச் செல்லின் தன்மைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் செய்துகாட்டினார். 2011இல் மனித மரபணுக்களில் 13,000க்கும் மேற்பட்டவற்றைத் தனித்தனியாக லென்டிவைரஸ் பிளாஸ்மிட்களில் ஏற்றிய ஒரு நூலகம் எல்லா ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

கொடுத்த விலை

ஆய்வுத் தட்டில் வெற்றி பெற்றது உடம்பிலும் வெற்றி பெறும் என்று அவசரப்பட்டவர்கள் அடி வாங்கினார்கள். 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கருக்குக் கல்லீரல் குறைபாட்டுக்கான மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிச் செலுத்தினார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கொந்தளித்தது. நான்காம் நாள் இறந்தார். பாரிஸிலும் லண்டனிலும் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத 20 குழந்தைகளுக்கு எலி ரெட்ரோவைரஸ் வழியாக மரபணு கொடுத்தார்கள். பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆனால் ஐந்து குழந்தைகளுக்கு ரத்தப் புற்று வந்தது; ஒரு குழந்தை இறந்தது. வெக்டர் போய் அமர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மரபணுவை (பெரும்பாலோரிடம் எல்.எம்.ஓ.2), வெக்டரின் முரட்டு ஊக்கி உசுப்பிவிட்டதுதான் காரணம். ஆய்வுத் தட்டில் எது வரமாக இருந்ததோ அதுவே உடம்பில் சாபமானது. அதன் பிறகுதான் உள்ளே போனதும் தன் ஊக்கியைத் தானே இழந்துவிடும் வெக்டர்களும், குறிப்பிட்ட செல்லில் மட்டும் வேலை செய்யும் மிதமான ஊக்கிகளும் வழக்கத்துக்கு வந்தன.

மீண்டும் வேலூர்

எச்.ஐ.வி.யை முதலில் கண்ட அதே சி.எம்.சி.யில், 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் தொடங்கியது. அந்த அனுபவத்தின் மேல் எழுந்தது அங்குள்ள தாய்ச் செல் ஆய்வு மையம். ரத்தவியல் பேராசிரியர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கடுமையான ஹீமோஃபிலியா 'ஏ' (ஃபேக்டர் 8 குறைபடும் வகை) உள்ளவர்களுக்கு மரபணு சிகிச்சை செய்யும் பரிசோதனையை மையம் கையில் எடுத்தது.

அதன் வேலைப்பாடு இது. ஃபேக்டர் 8 மரபணு நீளமானது என்றோமே, அதில் ரத்தம் உறையத் தேவைப்படாத நடுப்பகுதியை வெட்டினார்கள். மனித ஃபேக்டரைவிடப் பன்றியின் ஃபேக்டர் செல்லிலிருந்து பல மடங்கு அதிகமாக வெளியேறும் என்பதால், சில பகுதிகளில் பன்றியின் வரிசையைப் பொருத்தினார்கள். ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையில் மட்டும் வேலை செய்யும் ஊக்கியை மாட்டினார்கள். இவ்வளவையும் ஏற்றியது லென்டிவைரஸில், அதாவது எச்.ஐ.வி.யின் வெற்றுக் கூட்டில். நோயாளியின் ரத்தத்திலிருந்து தாய்ச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வெக்டரோடு சேர்த்து, மருந்து கொடுத்து அவருடைய மஜ்ஜையில் இடம் ஒழித்துவிட்டு, செல்களைத் திருப்பிச் செலுத்தினார்கள்.

2024 டிசம்பரில் முடிவு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. சிகிச்சை பெற்றவர்கள் ஐந்து பேர். கடுமையான ஹீமோஃபிலியாவில் ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். முதல் இருவருக்கு அது ஐந்து சதவீதத்தை ஒட்டியும் இரண்டு சதவீதத்துக்குள்ளும் வந்தது. வெக்டர் செல்லுக்குள் நன்றாக நுழைய ஒரு கூட்டுப்பொருள் சேர்த்த பிறகு, அடுத்த மூவருக்கு ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் வரை உயர்ந்தது. ஐந்து பேரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அந்த 81 மாதங்களில் ஐவரில் யாருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. லென்டிவைரஸ் வழியாக ஹீமோஃபிலியா 'ஏ'வுக்கு உலகில் முதலில் பலன் காட்டிய பரிசோதனை இது. ஹீமோஃபிலியாக்காரர்களைக் கொன்ற வைரஸின் கூடு, அவர்களுக்கு இல்லாத மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இனி விலை. முதுகுத்தண்டு தசைச்சிதைவு நோய்க்கான '16 கோடி ரூபாய் ஊசி'க்காகத் தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் சமூக ஊடகங்களில் கையேந்தியது நினைவிருக்கும். அந்த ஊசியும் மனித மரபணு ஏற்றிய ஏ.ஏ.வி. வெக்டர்தான். மரபணுவுக்கு விலை இல்லை. ஆனால் அதை மருந்துத் தரத்தில் சுத்தமாக ஏற்றித் தருவதற்குப் பெரும் செலவு ஆகிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய ரத்தப் புற்றுக்கான கார்-டி சிகிச்சை (நோயாளியின் வெள்ளணுக்களில் மரபணு ஏற்றும் முறை) 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அதிலும் லென்டிவைரஸ்தான். இங்கேயே செய்ததால் அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. அப்படியும் பல லட்சம். சாதாரணக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத தொகைதான். ஆனால் திசை சரியானது. வெக்டரை நாமே தயாரிக்கும் ஆலைகள் பெருகாமல் இந்தச் சிகிச்சை ஏழை வீட்டுப் படியேறாது. அரசு பணத்தைப் போட வேண்டிய இடம் அது.

கடைசியாக, வீட்டில் ஹீமோஃபிலியா உள்ள பிள்ளை இருக்கும் வாசகர்களுக்கு. வேலூரில் நடந்தது ஐந்து பேரிடம் செய்த பரிசோதனை. கடையில் கிடைக்கும் மருந்து அல்ல. இன்றைக்குப் பிள்ளையைக் காப்பது முக்கியமாக ஃபேக்டர் ஊசி, அது தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. முறையான பரிசோதனையில் பங்கேற்பவரிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது. 'ஸ்டெம் செல்', 'மரபணு சிகிச்சை' என்று பெயர் சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

(தொடரும்)